இரண்டாவது கியர்

அருவங்காட்டில் விடியாத நாலரை மணி.
சமையலறைத் தரையில் நாலாய் மடித்த கம்பளி,
அதன்மேல் நான்.
வேறெங்கும் இடமில்லை.
உள்ளறையில் புஷ்பலீலாவும் பிள்ளைகளும்,
முன்னறையில் தையல் மெஷின்.

குன்னூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா
பிரஷர் பார்த்த பட்டையைக் கையிலிருந்து உருவிக்கொண்டே சொன்னார்:
"மாத்திரை தர்றேன். கூடவே தினம் பத்து நிமிஷம்
சும்மா உட்காருங்க."
சும்மா என்பதை எப்படிச் செய்வதென்று
ஜெராக்ஸ் தாள் ஒன்றும் தந்தார்.

எங்கள் வீட்டில் சும்மா என்பது வசவு.
'சும்மாதானே இருக்கே' என்று தொடங்கினால்
கேஸ் சிலிண்டரில் போய் முடியும்.

தாள் சொல்கிறது:
மூச்சை எண்ணுங்கள். ஒன்றிலிருந்து பத்து.
தவறினால் மறுபடி ஒன்று.

ஒன்று.
இரண்டு.
நேற்று டீசல் எத்தனை லிட்டர் அடித்தார்கள்?
ஒன்று.
குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.
ஒன்று.
இருபத்திரண்டு வருடம் மலையில் வண்டி ஓட்டியவன்
ஒன்றைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்ணங்கள் பயணிகள் மாதிரி,
ஏறுவார்கள், இறங்குவார்கள், பார்த்துக்கொண்டிருங்கள்.
இதுவும் தாளில் இருக்கிறது.
எழுதியவர் மேட்டுப்பாளையம் வண்டியில் ஏறியதே இல்லை.
அப்படி யாரும் இறங்குவதில்லை எங்களிடம்.
பூண்டு மூட்டைக்கு லக்கேஜ் எதற்கென்று ஒரு சண்டை,
மீதி ரெண்டு ரூபாய்க்கு ஒரு சண்டை,
பர்லியாறில் மங்குஸ்தான் வாங்கப் போனவர்
திரும்பி வரும்வரை ஹாரன்.
கண்டக்டர் போஜனிடம் தாளைக் காட்டினேன்.
படித்து, மடித்து,
"இதுல பாஸ் வச்சிருக்கறவங்க எத்தனை பேருண்ணே?" என்றான்.

எனக்குப் பயம் வேறு.
இறக்கத்தில் நியூட்ரல் போடாதே:
மலையில் ஓட்ட வந்தவனுக்கு முதல் பாடம் அது.
போட்டவர்களின் வண்டியைக்
கிரேன் வைத்துத் தூக்கும்போது நின்று பார்த்திருக்கிறேன்.
இங்கே கண்ணை மூடு, எல்லாவற்றையும் விடு என்கிறார்கள்.
விட்டால் எங்கே போய் நிற்கும் இது?

மூன்றாவது வாரம்.
ஆறு, ஏழு, எட்டுவரை வந்துவிட்டேன்.
ஒன்பதில்
வலது கால் அமுக்கியது.
சம்மணமிட்ட கால். அடியில் கம்பளி. பிரேக் கிடையாது.
ஆனாலும் அமுக்கியது.

ஒன்பதாவது கொண்டை ஊசி.
போன ஐப்பசி. வைப்பருக்கு அப்பால்
ஒன்றுமே இல்லாத மூடுபனி.
விளக்கெரியாத பைக்கில் ஒரு பையன்
கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றான்.
முதுகில் மஞ்சள் பை.
என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.
ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.
அவ்வளவுதான்.
கீறலில்லை, புகாரில்லை, டிரிப் ஷீட்டில் ஒரு வரியில்லை.
நடக்காத ஒன்றை யாரிடம் போய்ச் சொல்வது?
போஜன் அப்போது சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு தினம் நாலு தடவை
அந்த வளைவில் திரும்பியிருக்கிறேன்.
கை திரும்பியது.
கால் அங்கேயே இருந்திருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு இது தெரியாது. தாளிலும் இல்லை.
அமுக்குகிற காலை
அமுக்கட்டும் என்று விட்டேன்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பார்கள் மலையில்.
இரண்டாவதில் ஏறினால் இரண்டாவதில்தான் இறக்கம்;
எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது.
மூச்சை அப்படி ஏற்றிப் பார்த்தேன்.
அதே முனகலோடு, அவசரப்படாமல், இறக்கினேன்.
இது நியூட்ரல் இல்லை.
நானாகக் கண்டுபிடித்தது; சரியா தப்பா தெரியாது.

பத்து.
பத்து வந்துவிட்ட சந்தோஷத்தில்
ஒன்றுக்குத் திரும்ப மறந்து
பதினொன்று, பன்னிரண்டு என்று போய்
பதினாலு வளைவும் தாண்டிக் குன்னூரே வந்துவிட்டேன்.

புஷ்பலீலா விளக்கைப் போட்டாள்.
"முடிஞ்சுதா?"
"கால் மரத்துப்போச்சு."
அடுப்பைப் பற்றவைக்க என்னைத் தாண்டிப் போனவள்
"எந்தக் கால்?" என்றாள்.
யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.